எள்ளுப்பாட்டி, உன்மேல் மூன்று கொலை!

டெலிபோன் அலறியது.

நாத்தனார் எடுத்தாள். வாயில் கடித்திருந்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"ஹலோ... வேர் தேடும் நிலையம்."

"மேடம்... மூணு கொலை நடந்திருக்கு!"

ஆண் குரல். நடுங்கியது.

"யாரு செஞ்சது?"

"என் பொண்டாட்டியோட எள்ளுப்பாட்டி!"

"எப்போ?"

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தெட்டுல ஆரம்பிச்சு... எண்பத்தொம்பது வரைக்கும்!"

நாத்தனார் நிதானமாகக் குறித்துக்கொண்டாள்.

"குற்றவாளி இப்ப எங்க இருக்காங்க?"

"கல்லறையில!"

"அப்ப தப்பிச்சு ஓட மாட்டாங்க. நாளைக்குக் காலைல வாங்க."

வைத்துவிட்டாள்.

எதிர் மேஜையில் இருந்த அண்ணி பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரு?"

"ஒரு பல் டாக்டர், அண்ணி. மாமியார் வீட்டு மேல புகார் குடுக்கறார். நாலு தலைமுறை லேட்டு."

அண்ணி பல வருடங்கள் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். செத்தவர்களின் கையெழுத்தைப் படிப்பதில் கில்லாடி. நாத்தனார், அவள் புருஷனின் தங்கை. ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து, பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொன்ன ஒரே குற்றத்துக்காக வீட்டுக்கு வந்தவள்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்பார்கள். இவர்கள் ஒரே கூரையின் கீழ் தொழிலே நடத்தினார்கள். பறந்தது தூசி மட்டும்தான். பணம் கொடுத்தால் உங்கள் பாட்டன், பூட்டன், ஓட்டன் வரை தேடித் தருவார்கள். பிடிக்காத பாட்டனாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் காலை.

பல் டாக்டர் மனைவியோடு படியேறி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"இவதான் கொலைகாரியோட வாரிசு!"

மனைவியைக் காட்டிச் சிரித்தார். முப்பத்திரண்டும் தெரிந்தது.

அவள் சிரிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். தலைமுடி வகிட்டில் ஏகத்துக்கும் கொட்டியிருந்தது. புடவைத் தலைப்புக்குள் கைகளை ஒளித்து வைத்திருந்தாள்.

"நீங்க என்ன பண்றீங்கம்மா?" அண்ணி கேட்டாள்.

"வயலின் டீச்சர். சொல்லித் தந்துட்டிருந்தேன்... இப்ப கொஞ்ச நாளா விரல் மரத்துப் போகுது. வில்லு நழுவி விழுந்துடுது."

"நரம்புத் தளர்ச்சி. வயசாச்சில்ல?" பதில் சொன்னது டாக்டர்.

நாத்தனார் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பல்லைப் பத்திக் கேக்கும்போது உங்களைக் கேக்கறேன், டாக்டர்."

டாக்டர் அதற்கும் சிரித்தார்.

"எள்ளுப்பாட்டியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" அண்ணி டீச்சரையே கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியாது. எங்கம்மா அவங்க பேரையே எடுக்க மாட்டாங்க. 'மூணு புருஷனை முழுங்கினவ'... அவ்வளவுதான். ஒரு போட்டோ கூட இல்ல. நாங்க குடியிருக்கறது அவங்க வீட்லதான். அம்மா வழியா எனக்கு வந்தது."

"அதான் மேடம் விஷயம்!" டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "சும்மா வாய்ப்பேச்சு வேண்டாம். பதிவு ஆதாரத்தோட, உங்க கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு ஒரு ரிப்போர்ட் வேணும். 'இந்தப் பெண்மணி மூன்று கணவர்களுக்கும் விஷம் வைத்தார்'னு தெளிவா!"

"வெச்சிருந்தா எழுதறேன்."

"வெக்காமலா மூணு பேர் வரிசையா போவாங்க?"

"எங்க பெரியப்பா வீட்லயும் மூணு பேர் வரிசையா போனாங்க. காலரா. யாரும் பெரியம்மாவுக்கு எதிரா முத்திரை போட்டுக் குடுக்கல."

டாக்டர் எழுந்தார். படியிறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து இவ போட்ட காபியைக் குடிச்சதுலேருந்து வயித்தைப் பிசையுது மேடம். ரத்தம் பேசுதோ என்னவோ!"

ஹா... ஹா... ஹா...!

சிரிப்பு படியிறங்கிப் போனது.

டீச்சர் மட்டும் வாசலில் ஒரு நொடி நின்றாள்.

"அவங்க... ஒருவேளை நல்லவங்களா இருந்தா... அதையும் எழுதுவீங்கல்ல?"

"அதுக்குத் தனிக் கட்டணம் கிடையாதும்மா" என்றாள் அண்ணி.

தேடல் தொடங்கியது.

ஆவணக் காப்பகம். உயரமான ஜன்னல்கள். பேனாவுக்குத் தடை, பென்சிலுக்கு மட்டும் அனுமதி. இருமினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அமைதி.

முதல் திருமணம் சுலபமாகக் கிடைத்தது. புத்தகம் பைண்ட் செய்கிறவர். சொந்த வீடு. வீட்டிலேயே பட்டறை.

இறப்புப் பதிவு... மூன்று வருடத்தில்!

காரணம்: வயிற்றுக் கடுப்பு.

இரண்டாவது கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அதே வீட்டுக்குக் குடிவந்தார். அதே அறையில் மேஜை போட்டார்.

காரணம்: வயிற்றுக் கடுப்பு!

மூன்றாவது கணவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நாள் முழுக்க அதே அறையில் உட்கார்ந்து படிப்பவர். ஒரு பெண் குழந்தை பிறந்தது. டீச்சரின் கொள்ளுப்பாட்டி! குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள்...

"வயித்துக் கடுப்பு" என்றாள் நாத்தனார், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே.

"எப்படித் தெரியும்?"

"வாத்தியாருக்கு மட்டும் புதுசா எதுவும் வரப்போகுதா, அண்ணி?"

மைக்ரோஃபிலிம் சுருளில் பழைய செய்தித்தாள் ஓடியது. சட்டென்று அண்ணியின் கை நின்றது.

கொட்டை எழுத்தில் தலைப்பு!

'மூன்று கணவரையும் முழுங்கிய மருத்துவச்சி!'

"மருத்துவச்சியா?" நாத்தனார் கண்ணைச் சுருக்கினாள். "பிரசவம் பாக்கறவளா இருந்திருக்காளே!"

பக்கத்து வீட்டுக்காரி சாட்சி சொல்லியிருந்தாள். மதியம் மருத்துவச்சி தன் கையாலேயே சோறு போட்டாள்... சாப்பிட்ட வாத்தியார் சுருண்டு விழுந்தார்... பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்!

விசாரணை நடந்தது. உறுதியான ஆதாரம் இல்லை. விட்டுவிட்டார்கள். சட்டம்தான் விட்டது, ஊர் விடவில்லை. வீட்டு ஜன்னல்களைக் கல்லால் உடைத்தார்கள். பிரசவம் பார்க்கும் அனுமதியைப் பிடுங்கினார்கள்.

"அண்ணி... மூணு புருஷன். ஒரே வீடு. ஒரே வலி. எனக்கே சந்தேகம் வருது. அவளுக்கு வந்திருக்காதா?"

"வந்திருக்கும். வந்ததும் அவ என்ன பண்ணினா? அதைத்தான் தேடறேன்."

இடையில் ஒரு நாள் காலை. பல் டாக்டர் தனியாக வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"மேடம்... நான் செத்துடுவேன்!"

"எல்லாரும்தான்" என்றாள் நாத்தனார். "உக்காருங்க."

"விளையாடாதீங்க! என் பொண்டாட்டி ஒரு மாதிரியா பாக்கறா. எப்பப் பாத்தாலும் எள்ளுப்பாட்டி பேச்சுதான். 'அவங்க எப்படி மாட்டாம தப்பிச்சாங்க?'ன்னு என்னையே கேக்கறா! எனக்குத் தினமும் வயித்து வலி!"

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா... உங்க ரிப்போர்ட்தான் சாட்சி. அது எப்ப ரெடியாகும்?"

"ஆதாரம் முழுசா கிடைச்சதும்" என்றாள் அண்ணி.

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ..."

போய்விட்டார்.

நாத்தனார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பாவம் அண்ணி அந்த மனுஷன். போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா?"

"என்னன்னு? எள்ளுப்பாட்டியைக் கைது பண்ணச் சொல்லியா?"

"பேத்தியைக் கண்காணிக்கச் சொல்லலாமே!"

அண்ணி யோசித்தாள்.

"நீ இன்னிக்கு ஆபீசைப் பாத்துக்கோ. நான் காப்பகத்துக்குப் போறேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு."

"என்ன?"

"மருத்துவச்சி என்னிக்காவது மதியம் வீட்ல இருந்திருப்பாளாடி?"

பிறப்புப் பதிவேடு. கனமான புத்தகம். தைத்த நூல் இற்றுப்போயிருந்தது.

அண்ணி தேடியது ஒரே ஒரு தேதி. வாத்தியார் செத்த நாள்.

விரல் வரிசை வரிசையாக இறங்கியது...

நின்றது!

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீடு. இரட்டைக் குழந்தைகள். ஒன்று உச்சிவேளையில் பிறந்திருந்தது. இன்னொன்று அந்தியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரசவம் எப்படி இழுத்திருக்கும் என்று அண்ணியால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

தகவல் தந்தவர்: கூடவே இருந்த மருத்துவச்சி.

கீழே அவள் கையெழுத்து. சாய்ந்த எழுத்து. கடைசி எழுத்தின் வால் மட்டும் மாட்டின் வாலைப் போலச் சுருண்டிருந்தது.

அவள் மதியம் வீட்டிலேயே இல்லை! சோறு போடவே இல்லை! பக்கத்து வீட்டுக்காரி புளுகியிருக்கிறாள்!

விசாரணை அதிகாரிகள் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். பக்கத்து அலமாரியில் இருந்த பிறப்புப் பதிவேட்டைப் புரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணி மேலும் புரட்டினாள். அனுமதி பறிபோன பிறகு அவள் பெயர் எங்கும் இல்லை. தகவல் தந்தவர் என்ற இடத்தில் குழந்தைகளின் அப்பாக்கள். ஆனால்...

எழுத்து சாய்ந்திருந்தது. கடைசியில் வால் சுருண்டிருந்தது!

ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை. வருடக்கணக்காக! பகலில் அவளைப் 'புருஷனை முழுங்கினவ' என்ற ஊர், வலி எடுத்ததும் கொல்லைக் கதவு வழியாக அவளையே கூப்பிட்டிருக்கிறது. எழுத்தறியாத அப்பாக்களுக்குப் படிவத்தையும் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யாராவது கேட்டால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து சுகாதார அதிகாரிக்கு வந்த மனுக்களின் கட்டு. அதே சாய்ந்த எழுத்தில் ஒரு மனு இருந்தது!

'என் வீட்டில் பச்சை வர்ணம் பூசிய அறையில் பகல் முழுக்க உட்கார்ந்தவர்கள்தான் செத்தார்கள். நான் பகலில் வீட்டில் தங்குவதில்லை, பிழைத்தேன். என் முதல் கணவரின் தம்பியும் என் திருமணத்துக்கு முன்பே அதே அறையில்தான் இறந்தார். அறையைப் பூட்டிவிட்டேன். சுவரிலிருந்து உதிர்ந்ததைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் என்னைக் கேட்டார்கள். யாரும் சுவரைக் கேட்கவில்லை.'

அதிகாரியின் பதில் கீழேயே இருந்தது. பொட்டலத்தைச் சோதித்தார்கள். பச்சை வர்ணத்தில் பாஷாணம்! ஈரம் ஏறிய சுவர் அந்த நஞ்சைக் காற்றில் கக்கியிருக்கிறது. தூசியிலும் கலந்திருக்கிறது. மனுதாரர் மேல் பிழை இல்லை.

பதில் அந்தக் கட்டுக்குள்ளேயே கிடந்தது. எந்தச் செய்தித்தாளும் அதைக் கொட்டை எழுத்தில் போடவில்லை.

கட்டின் பின்னட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இந்தக் கட்டை இதுவரை யார் யார் வாங்கிப் பார்த்தார்கள் என்று எழுதுகிற சீட்டு.

நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் தொடாத கட்டு. ஆனால் சீட்டில் ஒரே ஒரு பெயர்!

அண்ணி படித்தாள்.

மறுபடி படித்தாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வராந்தாவில் டெலிபோன். சுழற்றினாள்.

"அந்த டாக்டர் போன் பண்ணினா ரிப்போர்ட் ரெடியாகலன்னு சொல்லு!"

மறுமுனையில் நாத்தனார் தயங்கினாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடியே பண்ணினாரே அண்ணி... பாவமா இருந்ததுன்னு 'ரெடி, மதியத்துக்குள்ள கொண்டு வந்துடறோம்'னு சொல்லிட்டேனே!"

"அடிப்பாவி!"

"ஏன் அண்ணி? என்ன ஆச்சு?"

"ஸ்கூட்டரை எடு! என்னை ஏத்திக்கோ! டாக்டர் வீட்டுக்கு விடு!"

"அவரைக் காப்பாத்தவா?"

"வாயை மூடிக்கிட்டு வா!"

வாசலில் போலீஸ் ஜீப் நின்றிருந்தது.

கூடத்தில் டீச்சர் தரையில் கிடந்தாள். ஒருக்களித்து... அசைவில்லாமல்! மேஜையில் இரண்டு காபிக் கோப்பைகள். ஒன்று காலி. ஒன்று நிரம்பியது.

டாக்டர் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டா மேடம்... போயிட்டா!" டாக்டர் கதறினார். "எனக்குத்தான் விஷம் கலந்தா... கோப்பை மாறிப்போச்சு... தான் வெட்டின குழியில தானே விழுந்துட்டா!"

நாத்தனார் யாரையும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். டீச்சரின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்..."

"என்னம்மா?"

"இவங்க உயிரோட இருக்காங்க."

"டாக்டர் உயிர் போயிடுச்சுன்னாரே!"

"அவர் பல்லுக்குத்தான் டாக்டர். ஆம்புலன்ஸ் எங்க?"

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சுவரைப் பார்த்தார்.

"பதட்டத்துல... உங்களுக்குத்தான் முதல்ல பண்ணினேன்..."

"அப்புறம்?"

"அப்புறம்... பண்ணல."

கான்ஸ்டபிள் டெலிபோனுக்குப் பாய்ந்தார். நாத்தனார் டீச்சரை நன்றாகப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் துடைத்து, மூச்சுக்கு வழி செய்தாள்.

டாக்டர் எழுந்துவிட்டார். குரல் உயர்ந்தது.

"மேடம், அந்த ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டர்கிட்ட குடுங்க! படிங்க சார்! இவளோட எள்ளுப்பாட்டி மூணு புருஷனை இப்படித்தான் கொன்னா! பரம்பரைப் புத்தி! ரத்தத்துல ஓடுது!"

அண்ணி கைப்பையைத் திறந்தாள். பென்சிலால் எழுதிய ஒரு தாளை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'மேற்படிப் பெண்மணி யாரையும் கொல்லவில்லை.'"

"எ... என்னது?" டாக்டரின் வாய் திறந்தபடியே நின்றது. கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

"'மூன்று கணவர்களும் இறந்தது பச்சை அறையின் சுவரில் இருந்த பாஷாணத்தால். மூன்றாவது கணவர் இறந்த அன்று மதியம் அவர் அக்கரையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கணவர்களைக் கொன்றது எது என்று கண்டுபிடித்ததும் அவரே.'"

"பொய்! இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது!"

"தெரியாதா?" அண்ணியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இந்த விவரம் இருக்கற கட்டை எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் வாங்கிப் படிச்சிருக்கார், இன்ஸ்பெக்டர். எங்ககிட்ட வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. சீட்டோட நகல் இதோ. காப்பக முத்திரை இருக்கு."

இன்ஸ்பெக்டர் நகலைக் குறுக்கே பிடித்தார். நெடுக்கே பிடித்தார்.

"என்னம்மா இது... கோழி கிளறின மாதிரி?"

"டாக்டர் கையெழுத்து. யாருக்கும் புரியாது. ஆனா கீழே அச்செழுத்துல பேரும் விலாசமும் எழுதினாதான் கட்டைக் குடுப்பாங்க."

இன்ஸ்பெக்டர் கீழே படித்தார். இந்த வீட்டு விலாசம்.

தலையைத் தூக்கினார்.

"சுவத்துல விஷம் இருக்குன்னு இவருக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "எள்ளுப்பாட்டி மேல தப்பில்லன்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எங்ககிட்ட வந்து, 'கொலைகாரின்னு எழுதிக் குடுங்க'ன்னார். ஏன்? பொண்டாட்டி செத்தா, 'இவளும் அந்தப் பரம்பரைதான்'னு உங்ககிட்ட காட்ட ஒரு காகிதம் வேணும். அது ரெடின்னு தெரிஞ்ச உடனே... இன்னிக்குக் காபியில அளவைக் கூட்டிட்டார்!"

"உளறல்! அவதான் எனக்குத் தினமும் விஷம் வெச்சா! எனக்குத்தான் வயித்து வலி!"

"அப்படியா டாக்டர்?" நாத்தனார் தரையிலிருந்து கேட்டாள். "கையை நீட்டுங்க. நகத்தைப் பாக்கணும்."

டாக்டர் நீட்டவில்லை. இன்ஸ்பெக்டர் நீட்ட வைத்தார்.

ரோஜா நிறத்தில் பத்து நகங்கள். பளபளவென்று!

நாத்தனார் டீச்சரின் கையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு நகத்திலும் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"இது ஒருநாள் காபியில வர்ற கோடு இல்ல சார். மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா பாஷாணம் உள்ளே போனா நகத்துல இப்படித் தெரியும். விரல் மரத்துப்போகும். முடி கொட்டும். நரம்புத் தளர்ச்சின்னு இவர் சொன்னாரே, அது இதுதான்! புருஷனைக் கொல்ல நினைக்கறவ மாசக்கணக்கா தனக்கே வெச்சு ருசி பாப்பாளா?"

அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"முதல் நாளே இந்தக் கையைப் பிடிச்சுப் பாத்திருக்கணும், அண்ணி. அந்தாளைப் பாவம்னு வேற சொன்னேன்."

"அழறதுன்னா அப்புறம் அழு. நாடியை விடாதே!" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். பச்சை அறையின் பூட்டு புதுசு. உடைத்தார். அலமாரியை நகர்த்தினார்.

பின்னால் சுவர் ஒரு முழ நீளத்துக்குச் சுரண்டப்பட்டிருந்தது. கீழே பல்லைச் சுரண்டுகிற மெல்லிய கம்பி ஒன்று. நுனியில் பச்சைத் தூள்.

"தொழில் சுத்தம்" என்றார் இன்ஸ்பெக்டர். "காரையை விட்டுட்டு வர்ணத்தை மட்டும் எடுத்திருக்கார்."

அதே சமயம் கூடத்தில் தடதடவென்று சத்தம்!

டாக்டர் ஓடினார். கொல்லைக் கதவைத் திறந்தார். டெலிபோன் பண்ணிவிட்டுக் கொல்லைப் பக்கம் காவல் நின்ற கான்ஸ்டபிளின் மார்பில் போய் மோதிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவரை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். தலையைப் பின்னால் சாய்த்தார்.

"இப்ப வாயைத் திறங்க, டாக்டர். வலிக்காது."

ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில். டீச்சர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தினமும் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து விரல்களுக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்திருந்தது.

அண்ணியும் நாத்தனாரும் பக்கத்தில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வாசற்கதவில் சாய்ந்து நின்றார்.

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரும்மா" என்றார். "அந்த வீட்டை இடிச்சுட்டுப் பெரிய பல் ஆஸ்பத்திரி கட்டணும்னு ஆசை. நீங்க விட மாட்டேன்னு சொன்னீங்களாம். இடிக்கறதுக்குப் பழைய வரைபடம் தேடிக் காப்பகத்துக்குப் போயிருக்கார். அங்கே இந்தக் கட்டு கண்ணுல பட்டிருக்கு."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அடுப்படிப் பக்கமே வராத மனுஷன்..." டீச்சரின் குரல் தாழ்ந்தது. "ஆறு மாசமா காலைல எனக்கு அவரே காபி போட்டுக் குடுத்தார். பாசம்னு நினைச்சேன்."

 அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"எள்ளுப்பாட்டி... கடைசில தனியாவா செத்தாங்க?"

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். கல்லறை ஒன்று. கொடி படர்ந்து மூடியிருந்ததை நாத்தனார் அரைநாள் மல்லுக்கட்டி விலக்கியிருந்தாள். கல்லில் கணவர்கள் யார் பெயரும் இல்லை. ஒரே வரிதான்.

'எங்கள் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவருக்கு. இவ்வூர்த் தாய்மார்கள் நட்ட கல்.'

டீச்சர் போட்டோவை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். நாத்தனார் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பிடித்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு விஷயம் காதுல விழுந்தது. டாக்டரோட வக்கீல் உங்க ஆபீசுக்கு வந்தாராமே?"

"வந்தார்" என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"தண்டனையைக் குறைக்க. டாக்டரோட பரம்பரையில யாராவது கொலைகாரன், இல்ல சித்தம் கலங்கினவன் இருந்தா ஆதாரத்தோட எழுதித் தரணுமாம். 'அவர் என்ன பண்ணுவார், ரத்தத்துல ஓடுது'ன்னு கோர்ட்ல வாதாடப் போறாராம்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"தொழில்மா. ஏழு தலைமுறை தேடினோம். ரிப்போர்ட் நேத்தே போயாச்சு. கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு."

"அடடா!" இன்ஸ்பெக்டர் கவலையானார். "என்னன்னு எழுதினீங்க?"

பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது.

"'ஏழு தலைமுறையும் சொக்கத் தங்கம். இவர் மட்டும் முழுக்க முழுக்கச் சொந்த உழைப்பால் முன்னுக்கு வந்தவர்!'"